எல்லாப் பக்கத்திலும் ஒரே புள்ளி

திண்டிவனம் பக்கத்துப் பள்ளிகளில் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அசெஸ்மென்ட், அதாவது பிள்ளையின் கற்றல் நிலையை மதிப்பிடுவது, என்றால் படிவம் நிரப்புவது என்று நினைக்கிறார்கள். அபிநயாவைப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஐந்தாம் வகுப்புப் பெண். அவளுடைய அம்மா தேவகி ஒருநாள் கூலிவேலைக்குப் போகாமல் எங்கள் வட்டார வள மையத்துக்கு வந்தார்.

"டீச்சர், நோட்டு ஃபுல்லா எழுதிக்கினு வருது. ஆனா போன வாரம் பஸ் ஸ்டாண்டுல வேற பஸ்ல ஏறி, மரக்காணத்துல போய் அழுதுக்கினு நின்னுது. போர்டு படிக்கலையான்னு கேட்டா வாயே தொறக்கல."

மறுநாள் பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியை நோட்டை நீட்டினார்.

"இவளுக்கா பிரச்சினை? என் கிளாஸ்லயே நல்ல கையெழுத்து இவளுதுதாங்க."

உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாவது வரியின் நடுவில் காரணமில்லாமல் ஒரு புள்ளி இருந்தது. ஒரு பக்கத்தில் அது எழுத்தின் தலைமேல் உட்கார்ந்து 'படம்' என்பதைப் 'பட்ம்' ஆக்கியிருந்தது.

எனக்குப் புரியவில்லை. அவள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் பெயின்ட் உதிர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதையும் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

பாடப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தடங்கலில்லாமல் வாசித்தாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது மட்டும் என்னம்மா?" என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், பாதியில் குழம்பி நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திட்ட மாட்டேன். எப்படிச் சமாளிக்கிறன்னு தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்."

புத்தகத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "பக்கத்துல பசங்க படிக்கறப்போ கேட்டு மனப்பாடம் பண்ணிக்குவேன் மிஸ். போர்டுல இருக்கறத அப்டியே வரைஞ்சிக்குவேன்."

எழுத்து அட்டைகளைக் காட்டினேன். பதினொரு எழுத்துதான் தெரிந்தது. ஆசிரியை நோட்டை மறுபடி எடுத்துப் புரட்டினார். அந்த நோட்டு முழுக்க அவர் போட்ட 'குட்' இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்தைப் பார்த்தே 'பிரச்சினை இல்லை' என்று நானும் எழுதி அனுப்பிவிட்ட பிள்ளைகள் உண்டு. அன்று அவர்கள் முகங்களை நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேரின் பெயரே ஞாபகம் வரவில்லை.

விழுப்புரத்தில் நடந்த மருத்துவ முகாமில் கண்ணும் காதும் சோதித்தார்கள். குறையில்லை, எழுத்தை ஒலியோடு சேர்த்து வாசிப்பதில்தான் சிக்கல், டிஸ்லெக்ஸியா என்றார்கள். தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ளைக்கு மூளை இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க டீச்சர்."

படிவத்தில் 'இயலாதவை' என்ற கட்டம்தான் பெரிது. அதை அப்புறம் நிரப்பினேன். முதலில், 'ஒருமுறை கேட்டால் முழுப் பாடத்தையும் மனத்தில் நிறுத்துவாள்' என்று எழுதினேன். பயிற்சியையும் அங்கிருந்தே தொடங்கினோம். அவளே ஒரு கதை சொல்வாள், நான் எழுதுவேன், அந்தச் சொற்களைத் துண்டு துண்டாக்கி ஒலியோடு பொருத்துவாள். தேர்வில் வாய்மொழியாகப் பதில் சொல்ல அனுமதி வாங்கினோம். இப்போது எட்டாம் வகுப்பு. மெதுவாகத்தான் வாசிக்கிறாள். ஆனால் வாசிக்கிறாள்.

என்ன தெரியாது என்பதைப் படிவமே கேட்டுவிடும். தெரியாமல் இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாய் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அபிநயாவைச் சோதித்த அடுத்த மாதமே அந்த வகுப்பாசிரியை எனக்குப் போன் செய்திருந்தார்.

"மேடம், ரெண்டு பசங்களைக் கவனிச்சிக்கினு இருக்கேன். நல்லாதான் படிக்கறாங்க. இருந்தாலும் ஒருவாட்டி வந்து பாருங்களேன்."