மெரிலியனின் டின்னில் இருந்த பொடி

ஒக்சீலியாவை ஹெய்ட்டியின் அந்த ஆற்றங்கரை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீக்கனம்மா என்றால்தான் தெரியும். ஞாயிறானால் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன் என்ற ஊழியப் பதவி; வெள்ளை உடுப்போடு முதல் பெஞ்சு. மற்ற நாளில் சுகாதார ஊழியர்; வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடைபோட்டு, தாய்மாரை நாலு திட்டு திட்டிவிட்டு வருவார். கணவர் போனபின் அவருக்கென்று இருந்தது அந்தச் சபைதான். ஊரின் பழைய தெய்வங்களைக் கும்பிடும் வூடூ பூசாரி மெரிலியன் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். இருபது வருஷமாக இப்படித்தான்.

அந்த வருஷம் ஹெய்ட்டிக்குள் காலரா வந்தது. காலையில் வயிற்றுப்போக்கு, சாயங்காலம் பிணம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேர நடை. மெரிலியனின் கோயிலோ கூப்பிடு தூரம். ஜனங்கள் முட்டாள்களா என்ன? கிட்டத்தில் இருப்பவரிடம்தானே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர் கொடுத்த பச்சிலைக்கு நோய் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் அங்கே ஒன்பது பேர் செத்தார்கள். ஒக்சீலியா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் தந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களோடு போய் வாசலில் நின்றார்.

“என்ன டீக்கனம்மா, வழி தவறிட்டீங்களா? உள்ள வந்தா உங்க ஏசு கோவிச்சுக்கப் போறாரு.”

“அவர் கோவிச்சுக்க மாட்டாரு. எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா பதவியப் பிடுங்கிடுவாரு. நான் வந்ததை மூச்சு விடக் கூடாது. ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் காய்ச்சின தண்ணி. விடாமக் குடுத்துட்டே இரு.”

“வெறும் தண்ணிய எங்கிட்ட வந்து எவன் குடிப்பான்? மந்திரிச்சுக் குடுத்தாத்தான் குடிப்பான்.”

ஒக்சீலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்னத்தையாவது முணுமுணுத்துத் தொலை. தண்ணிக்குள்ள மட்டும் எதையும் போடாத, சொல்லிட்டேன்.”

மெரிலியன் எதையும் போடவில்லை. ஆஸ்பத்திரிப் பொட்டலத்தைப் பார்த்தால் தன்னைத் தேடி வருகிறவர்கள் குடிக்க மாட்டார்கள் என்று, எல்லாவற்றையும் பிரித்து ஒரு டின்னில் கொட்டிவைத்தார், அவ்வளவுதான். கிடந்தவர்கள் எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள். ஒக்சீலியா தினமும் யார் கண்ணிலும் படாமல் வந்து போனார்.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன புரளி கிளம்பியது: பூசாரிகள் ஏதோ பொடி தூவித்தான் காலராவைப் பரப்புகிறார்களாம். ஒரு மத்தியானம் ஒக்சீலியா வந்தபோது, முற்றத்தில் கத்தியும் கல்லுமாய் ஐம்பது பேர். மெரிலியன் மண்டியிட்டிருந்தார், நெற்றியெல்லாம் ரத்தம். டின் ஒருவன் கையில்.

“இது என்ன பொடிடா? யாரு குடுத்தா? சொல்றியா, வெட்டவா?”

மெரிலியன் ஒக்சீலியாவைப் பார்த்தார். உடனே பார்வையை நிலத்துக்குத் திருப்பிக்கொண்டார். அவர் பேரைச் சொல்லவில்லை.

கூட்டத்தில் பாதி சபைக்காரர்கள். பாஸ்டரின் தம்பியும் நின்றான். ஒக்சீலியாவுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்வானேன்.

“அதைக் கீழ வைடா மடையா! அது என் பொடி. பதினோரு நாளா நான்தான் கொண்டாந்து குடுக்கறேன்.” டின்னைப் பிடுங்கி, தண்ணீரில் கலக்கி, எல்லார் முன்னாலும் ஒரு குவளை குடித்தார். “சந்தேகம்னா நாளைக்கு வந்து நான் செத்தேனான்னு பாருங்க.”

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவரைச் சபைக்கு முன்னால் அழைத்தார். பிசாசின் கோயிலுக்குப் போனதற்கு மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டால் பதவி நிற்கும், இல்லையென்றால் போகும்.

“அங்க படுத்துப் பொழச்சவங்கள்ல ஆறு பேரு இங்க உக்காந்திருக்காங்க பாஸ்டர். பேரு சொல்ல மாட்டேன். அதுல யாரு பொழச்சதுக்கு நான் வருத்தப்படணும்? நீங்களே சொல்லுங்க.”

அந்த ஆறு பேரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பாஸ்டரின் மருமகளும் அதில் ஒருத்தி. ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. ஒக்சீலியாவின் பதவி அன்றோடு போயிற்று. வீடு வரும்வரை அழுதுகொண்டே நடந்தார்.

திங்கட்கிழமை காலையில் அந்த ஆறு பேரும் மெரிலியனின் கோயிலுக்கு வந்து, பகிரங்கமாக அடுப்பு மூட்டித் தண்ணீர் காய்ச்சினார்கள். ஒக்சீலியா அவர்களை ஏவி வேலை வாங்கினார். வேலையைத் தவிர அன்று முழுக்க அவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை.