பித்தளை கலவைதான்

வகுப்பில் நான் வாய் திறந்ததாக யாருக்கும் நினைவிருக்காது. வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான் எனக்கும் சேர்த்து "உள்ளேன் டீச்சர்" சொல்வாள். அப்படிப்பட்ட நான் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வின் விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "டீச்சர், பித்தளை கலவைதான்" என்றேன். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது. ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அறிவியலில் எனக்கு முப்பத்துநான்கு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். "ஒரு பாடத்துல போனாலும் சரி, நிலக்கோட்டைக்குப் போயி அத்தையோட பூ எடுக்க வேண்டியதுதான்" என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். அத்தை நல்லவள்தான். ஆனால் அவள் மல்லிகைத் தோட்டத்தில் காலையில் குனிந்தவர்கள் வெயில் ஏறும்வரை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. பூ எடுக்கப் போகமாட்டேன் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

கலவைக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் தருக என்பது கேள்வி. காற்று, கடல்நீர், பித்தளை என்று எழுதியிருந்தேன். டீச்சர் பித்தளையைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். அவர் கரும்பலகையில் எழுதிப்போட்ட குறிப்பில் பித்தளை, தண்ணீருக்கும் உப்புக்கும் கீழே, சேர்மங்கள் பட்டியலில் இருந்தது. நானும் அதைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதியிருந்தேன். தேர்வில் மட்டும் கை அப்படி எழுத மறுத்துவிட்டது.

காரணம் என் தாய்மாமா. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வார்ப்புப் பட்டறையில் உலைக்குப் பக்கத்தில் அவருக்கு வேலை. விடுமுறை நாட்களில் மதியச் சோறு கொண்டுபோவேன். செம்பு உருகித் ததும்பும்போது அதற்குள் துத்தநாகக் கட்டியைப் போடுவார். குழாய் வார்க்க ஓர் அளவு, கைப்பிடிக்கு ஓர் அளவு, துத்தநாகம் வந்து சேராத வாரத்தில் கையில் இருப்பதே அளவு. மூன்றும் பித்தளைதான், நிறம்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சேர்மத்தில் சேரும் பொருட்களின் அளவு மாறவே மாறாது என்று டீச்சரின் அதே குறிப்பில் இரண்டு வரி மேலே எழுதியிருந்தது.

இதைத்தான் டீச்சரிடம் சொல்ல நினைத்தேன். "எங்க மாமா அளவை மாத்தி மாத்திப் போடுவாக டீச்சர்" என்பதோடு குரல் போய்விட்டது.

"உங்க மாமா என்ன, ரசமா வைக்கிறாரு?" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவர் சொன்னார்: "கலவைன்னா பிரிக்க முடியணும். மணலைச் சலிக்கலாம், உப்புத் தண்ணியைக் காய்ச்சலாம். பித்தளையைப் பிரிப்பியா? பிரிச்சுக் கொண்டுவந்து காட்டு, மார்க் போடுறேன்."

"கொண்டு வாரேன் டீச்சர்."

சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

சனிக்கிழமை பட்டறையில் மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பித்தளையைப் பிரிக்கணுமாக்கும்! சேக்கிறதுக்குத்தான் கூலி குடுக்கிறாக. பிரிக்கிறதுக்கு எவன் குடுப்பான்? போ கழுத, போயிப் படிக்கிற வேலையப் பாரு."

"ஒங்களால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க மாமா. டீச்சர்ட்ட அப்படியே சொல்லிர்றேன்."

"முடியாதுன்னு எவன்டி சொன்னது? ஆளு இம்புட்டுக்காண்டு, பேச்சப் பாரு."

உடைந்த குழாய் ஒன்றை எடுத்து, உலைக்குள் வைக்கும் மண்சட்டியில் போட்டார். வழக்கமாக உருகிய பித்தளையின் மேல் கரித்தூளைத் தூவி மூடுவார்கள். இல்லாவிட்டால் துத்தநாகம் புகையாகப் போய்விடும். அன்று மாமா மூடவில்லை. துருத்திச் சக்கரத்தை விடாமல் சுற்றினார். சட்டியின் வாயில் பச்சை கலந்த சுடர் எழுந்தது. அதிலிருந்து இலவம்பஞ்சு போல வெள்ளையாக ஏதோ பறந்தது. என்னை வாசலுக்கு விரட்டிவிட்டு, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, ஓர் இரும்புத் தகட்டைச் சுடருக்கு மேல் பிடித்தபடி ஒரு மணி நேரம் அந்தப் புகைக்குள்ளேயே நின்றார்.

தகட்டில் ஒட்டியதைச் சுரண்டிக் காகிதத்தில் கொட்டினார். பொடி மஞ்சளாக இருந்தது.

"என்ன மாமா, மஞ்சளா இருக்கு?"

"செத்த நேரம் பொறு தாயி. ஆறுனா வெளுத்துரும்."

கண்ணெதிரே வெளுத்தது. சட்டியில் மிச்சம் இருந்ததை ஊற்றி ஆறவைத்தபோது, குழாயாக இருந்ததைவிட நன்றாகச் சிவந்த கட்டி ஒன்று கிடைத்தது.

சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். பல் கிட்டியது. "என்னடா இப்படிக் குளுரு?" என்று அம்மா கேட்டதற்கு, "மழையில நனைஞ்சுட்டேன்க்கா" என்றார். மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதவர் போல எழுந்து எங்களோடு மாதா கோயில் பூசைக்கு வந்தார்.

பூசைக்கு முன்னால் அம்மா என்னைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பினாள். டீச்சரை எதிர்த்துப் பேசியதை மறக்காமல் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்றாள். இரண்டு பொய்யும் சர்க்கரை திருடியதும் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. பாவத்தைத்தானே சொல்லச் சொல்கிறார்கள்?

திங்கட்கிழமை பொட்டலத்தையும் கட்டியையும் மேசைமேல் வைத்தேன். "இது செம்பு டீச்சர். இது துத்தநாகம்."

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். பொடியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது துத்தநாகமா?"

"ஆமா டீச்சர்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் விடைத்தாளை வாங்கி முப்பத்துநான்கை அடித்து முப்பத்தைந்து என்று எழுதினார். வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் நோட்டுல சேர்மத்துல இருக்கிற பித்தளையை அடிச்சிட்டு, கலவையில எழுதுங்க. நான் தப்பா எழுதிப்போட்டுட்டேன்" என்றார். நாற்பது பேனாக்கள் ஒரே நேரத்தில் அடித்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஆய்வகம் கூட்டும் முறை எனக்கு வந்தது. அலமாரியில் ஒரு குப்பியில் என் வெள்ளைப் பொடி இருந்தது. மேலே டீச்சரின் எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: துத்தநாக ஆக்சைடு, சேர்மம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியுமா! பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, துத்தநாகம், தனிமம் என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன்.

பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. போன வருடம் மகளின் அறிவியல் புத்தகத்தில் கேள்வி கேட்க உட்கார்ந்தேன். துத்தநாகத்தைக் காற்றில் எரித்தால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகும் என்று போட்டிருந்தது. சூட்டில் மஞ்சளாகவும் ஆறினால் வெள்ளையாகவும் இருக்குமாம். அந்தப் புகையை அதிகம் சுவாசித்தால் ஒரு நாள் குளிர்காய்ச்சல் வருமாம். நான் புத்தகத்தை மூடிவைத்தேன். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை, திண்டுக்கல்லில் மழை பெய்யவில்லை.

பித்தளை கலவைதான், அதில் எனக்கு மாற்றமில்லை. அதை நிரூபிக்க ஒரு சேர்மத்தைக் கொண்டுபோய்த் தனிமம் என்று சாதித்திருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தையில் டீச்சர் என்னை உட்காரவைத்திருக்கலாம்.

பத்தாம் வகுப்பு முடித்துக் கிளம்பும்வரை அந்தக் குப்பி அலமாரியில்தான் இருந்தது. ஆய்வகத்துக்குப் போகும்போதெல்லாம் வெற்றியோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவேன். நான் அடித்த அடியும் என் கொட்டை எழுத்தும் அப்படியே இருந்தன. டீச்சர் அதைத் திருத்தவே இல்லை.