தம்பியோடு பிறந்த கிடாரி

தெருவுக்கே பால் ஊற்றும் என் சித்தியிடம் இருப்பது ஒரே பசு. அதற்கும் வயதாகிவிட்டது. முதல் மூன்று ஈத்திலும் காளைக் கன்றுதான். "எல்லாம் உங்க ராசி" என்று சித்தப்பாவைக் குத்திக்கொண்டே இருந்தாள். நாலாவது ஈத்தில் இரட்டை. ஒன்று காளை, ஒன்று கிடாரி. அடுத்த கறவை கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லி, காளையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விற்கிற பாலில் பாதியைக் கிடாரிக்கே ஊட்டினாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அது கழுத்து தடித்து, வருவோர் போவோரை எல்லாம் முட்டப் பார்த்தது.

"அப்படியே என்னை மாதிரி. யாருக்கும் பணியாது," என்றாள் சித்தி.

"அதான் பயமா இருக்கு," என்றார் சித்தப்பா.

ஆனால் வயது வந்தும் கிடாரி பருவத்துக்கு வரவில்லை. தாய்ப் பசுவும் கன்று ஈன்றதிலிருந்து பருவம் காட்டவில்லை. பாலும் வற்றிக்கொண்டே வந்தது. இரண்டில் ஒன்றாவது சினை பிடிக்காவிட்டால் சித்தியின் தொழிலே நின்றுபோகும். மாட்டு டாக்டரம்மாவை அழைத்தாள்.

அவர் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு கிடாரியைச் சோதித்தார். "அக்கா, இது ஒத்தையாவா பொறந்துச்சு?"

"இல்ல, கூட ஒரு தம்பி."

"அதான் பாத்தேன். கருப்பையே சரியா உருவாகல. சினை பிடிக்காது."

"எவ்வளவு பால் குடிச்சிருக்கு தெரியுமா?"

"பால்ல ஒண்ணுமில்லக்கா. கருவுல மொதல்ல ஆணும் பொண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆண் கருவுல விதை உருவாகி ஹார்மோன் சுரந்ததும் தனி வழியில வளரும். மாட்டுல இரட்டைன்னா ரெண்டோட ரத்தக் குழாயும் பெரும்பாலும் சேந்துரும். அவன் ஹார்மோன் இவளுக்கும் போய், இவ வளர்ச்சியைக் கெடுத்துருச்சு."

"பொறக்கறதுக்கு முன்னாடியே பங்காளித் தகராறா?"

சித்தப்பா மெல்லக் கேட்டார்: "அப்போ காளைக் கன்னா பொறந்ததுக்கு என் ராசி காரணமில்லையா?"

"ஆணா பொண்ணான்னு அப்பன்கிட்டேர்ந்து வர்றதுதான் தீர்மானிக்கும்."

சித்தப்பா சித்தி பக்கம் திரும்பினார். "நல்லா கேட்டுக்க. காளையோட வேலை. என்னோடது இல்ல."

மறுநாள் காலை கொட்டகையில் ஒரே அமளி. கிடாரி தன் தாய் மேலேயே தாவிக்கொண்டிருந்தது. சித்தி கம்போடு ஓடினாள். நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அடிக்க வேணாம்னு சொல்லும்மா. தாய்க்கு வெளிய தெரியாத பருவம் போல. இந்த மாதிரி கிடாரி சிலது காளையாட்டம் மோப்பம் பிடிச்சுக் காட்டிக்கொடுக்கும். சினை ஊசியோட வர்றேன்."

சித்தி கம்பைப் போட்டுவிட்டுத் தாயின் முதுகைத் தடவினாள். "இந்தத் தடவை ஒத்தையா வரட்டும்." பிறகு வாசலுக்குப் போய், பாத்திரத்தோடு நின்றவர்களிடம் தன் வளர்ப்பின் பெருமையை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பால் இன்னும் கறந்தபாடில்லை.