இடிக்குப் பயப்படாத எஸ்தர்

இடிச் சத்தம் கேட்டால் என் ஐந்து வயது மகள் எஸ்தருக்கு உயிரே போய்விடும். ஓடிவந்து என் முந்தானைக்குள் முகம் புதைப்பாள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

எழுபதுகளில் காரைக்குடியில் எங்கள் சபைக்குப் புதிதாக வந்த ஞாயிறு பள்ளி டீச்சர், புயலடிக்கும்போது படகில் இயேசு தூங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

அடுத்த நாள் மதியம் இடித்தது. முந்தானையை விரித்துக் காத்திருந்தேன். எஸ்தரோ தலையணையைப் போட்டுக் கண்ணை மூடிப் படுத்துவிட்டாள்.

"பயமா இல்லையாடி?"

"இயேசப்பாவே தூங்குறாரு, நமக்கு என்ன பயம்னு டீச்சர் சொன்னாகம்மா."

டீச்சரை நினைத்து வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால், இயேசுவின் மேல்கூடப் பொறாமைதான்.

மறுபடி இடித்தது. எஸ்தர் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"உனக்குப் பயமா இருக்காம்மா? இங்குட்டு வந்து படுத்துக்க."

இடிக்கு நான் என்றுமே பயந்ததில்லை.

"ஆமாடி, ரொம்பப் பயமா இருக்கு" என்று அவள் கைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.