பொத்தல் விழுந்த அலுமினிய அண்டா

சிலமலையில் சித்தி வீட்டு அடுப்படி மூலையில் ஓர் அலுமினிய அண்டா இருக்கிறது. உள்பக்கம் கறுத்துப்போய், அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும். அடியில் மூன்று பொத்தல். அவற்றைக் கந்தைத் துணியால் அடைத்துவிட்டு, சித்தி அதில்தான் ரேசன் அரிசியைப் போட்டு வைக்கிறாள். நான் எத்தனையோ தடவை புது டின் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.

நான் போடியில் அறிவியல் டீச்சர். ஒவ்வொரு வருசமும் பருப்பொருளின் பண்புகள் பாடம் வரும். நிறம், மணம், தண்ணீரில் கரைவது எல்லாம் இயற்பியல் பண்புகள், பொருள் வேறொன்றாக மாறாமலே அறிந்துகொள்ளலாம் என்று சொல்லித் தருவேன். இன்னொரு பொருளோடு சேர்ந்து அது என்னவாக மாறும் என்பது வேதியியல் பண்பு. அதைச் சும்மா பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இதைப் போர்டில் எழுதும்போது என் எழுத்து கோணிக்கொண்டு போகும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சித்தி, என் அம்மாவின் தங்கை. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தாள். விடியும் முன்னே ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவாள். பறித்த காயைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத்தான் சூட்டறைக்கு அனுப்புவார்கள். காய்ந்த பிறகும் பச்சை மங்காமல் இருக்கத்தான் அந்தச் சோடா. ஊறும்போது அளைந்துகொண்டே இருக்க வேண்டும். கட்டை போட்டுக் கிண்டினால் காய் கீறிவிடும் என்று சித்தி முழங்கை வரை கையை விட்டு அளைவாள். "அவ கை பட்ட காயி, செடியில கெடக்குற மாதிரியே இருக்கும்" என்பார்கள். சித்திக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு லீவு நாளில் அடம்பிடித்து அவளோடு ஜீப்பில் ஏறினேன். அன்றைக்குப் பார்த்து ஸ்டோரில் சோடா தீர்ந்திருந்தது. சிமெண்டுத் தொட்டியும் விரிசல் விட்டிருந்ததால் அலுமினிய அண்டாவை எடுத்து வைத்திருந்தார்கள். காலையில் வந்த லோடில் பெயர் ஒட்டாத ஒரு பாலித்தீன் பொட்டலம் கிடந்தது. கங்காணி கீழே தோட்டத்துக்குப் போயிருந்தார். சித்தி பொட்டலத்தைப் பிரித்துவிட்டு யோசித்தாள்.

"ஆத்தா, நீ சயின்ஸ் படிக்கிற புள்ள. இது நம்ம சோடாதானான்னு பாத்துச் சொல்லு. நம்மது பொடியால்ல இருக்கும், இது செதில் செதிலா இருக்கே."

பெரிய விஞ்ஞானியாட்டம் ஒரு செதிலைக் காகிதத்தில் எடுத்தேன். வெள்ளை. மணம் இல்லை. டம்ளர் தண்ணீரில் போட்டேன், கரைந்தது. காகிதத்தில் மிச்சம் ஒட்டியிருந்தது கசிந்து ஈரமாகிக்கொண்டிருந்தது. நம்ம சோடா அப்படிக் கசியாது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: "அதேதான் சித்தி. வேற கம்பெனியா இருக்கும்."

சித்தி அள்ளி அண்டாவில் கொட்டினாள். தண்ணீர் சூடேறி, ஓரமெல்லாம் நுரைத்துப் பொங்கியது. "என்னடி, அடுப்பே இல்லாம கொதிக்குது?" என்றாள். கரையும்போது சூடாகத்தான் செய்யும் என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன். ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, காயைக் கொட்டி இரண்டு கையையும் உள்ளே விட்டாள். "என்னமோ சோப்புக் கணக்கா வழவழங்குது" என்று சிரித்தாள். அந்த வழவழப்பு அவள் தோல் கரைகிற வழவழப்பு. எரிச்சல் தெரிந்து கையை எடுத்தபோது நேரமாகியிருந்தது. அது அடைத்துப்போன குழாயைச் சுத்தம் செய்ய வாங்கிய காஸ்டிக் சோடா.

மலைப்பாதையில் ஜீப்பு இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் சித்தி "ஆத்தாடி, ஆத்தாடி" என்று முனகினாள். ஆஸ்பத்திரி வாசலில் என் காதோரம் குனிந்து, "நீ வாயத் தொறக்காத. நாந்தான் கவனமில்லாம கொட்டிட்டேன், அம்புட்டுதான்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கவனமில்லாதவள் என்று ஸ்டோரில் வேலையை விட்டு நிறுத்தியபோதும் திறக்கவில்லை. காஸ்டிக் அரித்துப் பொத்தல் விழுந்ததால் உதவாது என்று அவர்கள் தூக்கிப் போட்ட அண்டாவைச் சித்தி கேட்டு வாங்கிவந்தாள். அடுத்த பரீட்சையில் வேதிமாற்றத்தின் அடையாளங்கள் யாவை என்று ஒரு கேள்வி வந்தது. வெப்பம் வெளிப்படும், வாயு குமிழியிடும் என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. எனக்கு வெட்கமே இல்லாமல் போயிருக்கிறது பாருங்கள்.

போன மாதம் சித்தியை ரேசன் கடைக்குக் கூட்டிப்போனேன். விரல் வைக்கும் மெசின் அவளை ஏற்கவே இல்லை. சேலையில் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். "ரேகையே இல்லையே ஆத்தா, என்னாச்சு?" என்று கேட்டார் கடைக்காரர். "எங் கவனக் கொறவுதான்" என்றாள் சித்தி, எப்போதும் போல.

"இல்லண்ணே, அது நான் செஞ்சது" என்றேன். வரிசையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பின்னால் நின்றவர், "சோலி கெடக்கு, வெரசா ஆகட்டும்மா" என்றார். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பச் சொல்லி என்னத்துக்கு? ரேகையா வரப்போகுது?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னார்கள். மெசின் கண்ணை ஒத்துக்கொண்டது.

வீட்டில் அரிசியை நான்தான் அண்டாவில் கொட்டினேன். கந்தை விலகியிருந்தது போல, பொத்தல் வழியாக அரிசி ஒழுகித் தரையெல்லாம் சிதறியது. சித்தி உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினாள். விரல்கள் சரியாக மடங்காது, அரிசி மணி கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதும் அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் தடவிவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் கெடக்கா ஆத்தா? பாத்துச் சொல்லு."

தரை வெறுமையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் மண்டியிட்டு, அண்டாவை நகர்த்தி, மூலைமுடுக்கெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பதில் சொன்னேன்.