கிளட்ச் அக்காவும் மூணாம் நம்பர் கவுண்டரும்

கிளட்ச் அக்காவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு முதல் மூன்று நாள் ஏமாற்றம்தான். ஆக்சிலரேட்டரைத் தொடவே விடமாட்டார். காலி மைதானத்தில் வண்டியை நிறுத்தி, முதல் கியரைப் போடச் சொல்லி, கிளட்சிலிருந்து மட்டும் காலை மெல்ல மெல்ல எடுக்கச் சொல்வார். வண்டி எறும்பு மாதிரி ஊரும். சட்டென்று காலை எடுத்தால் ஒரு குதி குதித்து அணைந்துபோகும். "மறுபடி," என்பார் அக்கா. "மறுபடி. கிளட்சு உங்க பேச்சக் கேக்கற வரைக்கும் வேற எதுவும் கிடையாது." அந்தப் பிடிவாதத்தால் வந்த பெயர்தான் கிளட்ச் அக்கா. சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது. அந்த லைசென்ஸ் வந்த கதையைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

அக்கா திருநங்கை. இருபது வயதில் வீட்டைவிட்டு வெளியே வந்தார். 'வந்தேன்' என்று அவர் சொல்வார். அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் சரி. கையில் இருந்தது ஒரு பையும் ஒரு டிரைவிங் லைசென்ஸும். ரொட்டிக் கம்பெனி ஒன்றில் விடியற்காலை நான்கு மணிக்கு வேன் எடுக்க ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா போய் நின்றார். மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் பதினேழு வருஷம் அந்த வேன்தான். "வேனுக்கு நான் யாருன்னு கவலையே கிடையாது. கியர ஒழுங்கா போட்டா போதும்," என்பார்.

கவலைப்பட்டது போக்குவரத்துப் போலீஸ். லைசென்ஸில் இருந்தது பழைய பெயரும், அரும்பு மீசை வைத்த ஒரு பையனின் படமும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ரொட்டி ஆறிக்கொண்டிருக்கும்.

பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அக்கா எல்லாக் காகிதத்தையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு லைசென்ஸ் ஆபீசுக்குப் போனார். பெயர் திருத்தம், கவுண்டர் மூன்று. கண்ணாடிக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு எழுத்தர், சட்டைப் பையில் இரண்டு பேனா. உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் படித்தார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல இதுக்கு இடம் இல்லைங்களே. அடுத்த வாரம் வந்து பாருங்க."

அடுத்த வாரம் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஒருநாள் ஒரு சான்றிதழ் குறைந்தது, இன்னொரு நாள் அதே சான்றிதழில் முத்திரை குறைந்தது. பதினான்கு தடவை. அக்கா கெஞ்சியும் பார்த்தார், கத்தியும் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்கிறார். பதினான்காவது தடவை மட்டும் கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. காகிதங்களை மடித்து உறையில் வைத்து, "சரி சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வேனில் ஏறி, ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதார்.

மூன்று வாரம் கழித்துத் தபாலில் புது லைசென்ஸ் வந்தது. சரியான பெயர், சரியான படம். புது மேலதிகாரி யாரோ வந்திருக்கவேண்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

அந்த வருஷமே சேர்த்துவைத்த காசில் ஒரு பழைய டீசல் கார் வாங்கி டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார். சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வேண்டும். கம்பெனி போட்டுத் தருகிற விலை எட்டவில்லை. பட்டறை வைத்திருந்த வெல்டர் ஒருவர், அதிகம் பேசாதவர், நான்கு நாள் காருக்கடியில் படுத்து அதைச் செய்து கொடுத்தார். ஐந்தாம் நாள் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வந்தார். ஆறாம் நாளும் வந்தார். பிரேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இப்போது அவர்தான் அக்காவின் வீட்டுக்காரர்.

பள்ளிக்கூடத்து டீச்சர்கள், குடும்பத்துப் பெண்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று எல்லோரும் கற்றுக்கொள்ள வந்தார்கள். அந்த வருமானத்தில், திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கும் அக்கா காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். லைசென்ஸ்தான் பலருக்குச் சொந்தப் பெயரில் கைக்கு வந்த முதல் அட்டை. ஒன்பது வருஷத்தில் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரையும் அக்காவே ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அதே கவுண்டர், அதே எழுத்தர். இப்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்தபடியே காகிதத்தை வாங்கி முத்திரை குத்தித் தந்துவிடுவார். தன் கத்தலுக்குப் பயந்துவிட்டார் என்று அக்காவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. அவரோடு அக்கா பேசுவதில்லை. பேர் சொல்வதும் இல்லை. 'மூணாம் நம்பர்' என்பதோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை நூலகர் அக்காவின் ஷெட்டுக்கு வந்தார். ஊர் நூலகத்தில் வேலை. திருநங்கைகளும் தன்பாலினத்தவரும் வருஷாவருஷம் கொண்டாடும் பிரைடு விழாவின் குழுவுக்கு அவர்தான் தலைவர். அக்கா காருக்கு ஆயில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த வருஷ பிரைடு விழாவ நிதி திரட்டறதுக்கு நடத்தறோம். வீட்ட விட்டு வந்தவங்க தங்கறதுக்கு ஒரு வீடு எடுக்கணும். அதுல நம்ம ஊர்ல நமக்காகப் பாடுபட்ட ரெண்டு பேருக்கு மரியாதை செய்யலாம்னு இருக்கோம். ஒண்ணு நீங்க."

"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்," என்றார் அக்கா. ஆனால் ஆயில் கம்பியை ஒரே இடத்தில் நான்கு தடவை துடைத்தார். "அந்த இன்னொரு ஆள் யாரு?"

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லைசென்ஸ் ஆபீஸ்ல... கவுண்டர் மூணு."

அக்கா காரின் பானட்டை அறைந்து சாத்தினார்.

"என்னை நாயா அலைய விட்ட ஆளுக்கா? எந்தப் புண்ணியவான் சொன்னது இந்த யோசனைய?"

"உங்ககிட்ட ஓட்டக் கத்துக்கிட்ட பொண்ணுதான். டாக்சி ஓட்டுதே, அது." நூலகர் அவசரமாகத் தொடர்ந்தார். "அதே ஆபீஸ்ல நாலாம் கவுண்டர் அம்மா அதோட டாக்சியில ஏறியிருக்காங்க. பேச்சுவாக்குல விஷயம் வந்திருக்கு. உங்க கேசுக்காக அந்த மனுஷன் மேலிடத்துக்கு ஏழு கடிதம் எழுதியிருக்காரு. பதிலே இல்ல. கடைசியில லீவு போட்டுட்டு, பஸ் பிடிச்சுத் தலைமை ஆபீசுக்கே போய், கையெழுத்து வாங்கற வரைக்கும் ரெண்டு நாள் அங்கயே உட்கார்ந்திருக்காரு. அதுக்கு மெமோ குடுத்திருக்காங்க. பதவி உயர்வு நின்னு போச்சு. இன்னிக்கு வரைக்கும் மூணாம் கவுண்டர்லயே இருக்கறது அதனாலதான்."

அக்கா சாத்திய பானட்டை மறுபடி திறந்தார். உள்ளே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

சாப்பிடும்போது வெல்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "எழுதினா என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல என்கிட்ட? அந்த ஆளோட ஒரே மேடையில நான் நிக்கணுமா?"

வெல்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "மேடை பெருசா, சின்னதா?"

"எதுக்கு?"

"பெருசா இருந்தா தள்ளித் தள்ளி நின்னுக்கலாம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் வரமாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. நூலகத்து மாடி ஹாலில் மடக்கு நாற்காலிகளும், ஜன்னலுக்கு ஜன்னல் வானவில் நிறக் காகிதங்களும். நுழைவுச் சீட்டு மேஜையில் இருபது வருஷமாக ஒன்றாக வாழும் இரண்டு அம்மாக்கள்; ஒருவர் சீட்டைக் கிழிக்க, மற்றவர் அதைத் தப்பாகக் கிழிக்கிறாய் என்று திருத்திக்கொண்டிருந்தார். தன் மகளையும் மகளுடைய தோழியையும் கூட்டிவந்த அப்பா ஒருவர், யாரும் கேட்காமலே எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டார்.

மூணாம் நம்பர் தனியாக வந்தார். இஸ்திரி போட்ட அதே ஆபீஸ் சட்டை, அதே இரண்டு பேனா. வாசலில் வானவில் பேட்ஜ் ஒன்றைக் கொடுத்தார்கள்.

"இத எந்தப் பக்கம் குத்தணும்?"

"எங்க வேணாலும் குத்திக்கலாம் சார்."

"விதி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் யோசித்து, பேனாக்களுக்கு மேலே குத்திக்கொண்டார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

முதலில் அவரைத்தான் மேடைக்கு அழைத்தார்கள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பார்த்தார். மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

"நான் இந்த அம்மாவ பதினாலு தடவ திருப்பி அனுப்பினேன்," என்றார். "முதல் பத்து தடவ, எனக்கு விதி தெரியல. மீதி நாலு தடவ, மேல இருந்து பதில் வரல. தெரியலன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்ககிட்ட எனக்குத் தெரியலன்னு சொல்ற பழக்கம் எங்க ஆபீஸ்ல கிடையாது. அது தப்பு. நான் செஞ்சது என் வேலை. அதையும் தாமதமா செஞ்சேன். இதுக்கு மரியாதை எதுக்குன்னு எனக்கு விளங்கல. ஆனா கூப்பிட்டீங்க, வந்தேன். மன்னிக்கணும் அம்மா."

கைதட்டல் வர ஒரு நொடி ஆனது. வந்தபின் நிற்க நேரம் ஆனது.

அடுத்து அக்கா. மைக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார்.

"இந்த மனுஷன நாலு வார்த்தை கேக்கணும்னு மூணு நாளா பேச்சு தயார் பண்ணேன். இப்ப எல்லாம் வீணாப் போச்சு." ஹால் சிரித்தது. அக்கா கூட்டத்தைப் பார்த்தார். தெரிந்த முகங்கள், முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்த முகங்கள். "இங்க எத்தனை பேர் உங்க வண்டிய நீங்களே ஓட்டிட்டு வந்தீங்க?"

முப்பது கைக்கு மேல் உயர்ந்தது.

"எல்லாரும் கோட்டுக்குள்ள நிறுத்தினீங்களா?"

இரண்டு கைகள் மெல்ல இறங்கின. அக்கா அவர்களைப் பார்த்த பார்வையில் ஒருவர் எழுந்து சாவியோடு வெளியே போனார். அதற்குமேல் பேச அக்காவால் முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பொன்னாடையை வாங்க அவர் மறந்துவிட்டதால், நூலகர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து போர்த்தினார்.

கடைசியாக ஏலம். வெல்டர் செய்த இரும்புப் புத்தக அலமாரியை அந்த இரண்டு அம்மாக்கள் எடுத்தார்கள். அடுத்தது, 'கிளட்ச் அக்காவிடம் முழுசாக ஒரு மாத டிரைவிங் வகுப்பு'. நூலகர் ஆரம்ப விலையைச் சொன்னதும் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அங்கிருந்தே ஒரு தொகை வந்தது. வேறு யாரும் வாய் திறப்பதற்குள் அதே குரல் அதைவிடப் பெரிய தொகை ஒன்றைச் சொன்னது. பிறகு இன்னும் பெரியதாக ஒன்று.

"சார்," என்றார் நூலகர் தயங்கி, "முன்னாடி கேட்டதும் நீங்கதான். உங்களுக்கு மேல நீங்களே கேக்கறீங்க."

மூணாம் நம்பர் எழுந்து நின்றார். "அப்படிக் கேக்கக் கூடாதா?"

ஹால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்கா திரும்பி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினார்.

"உங்களுக்கு எதுக்குங்க வகுப்பு?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"ஊருக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்துட்டு?"

"குடுக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு எங்கயும் போடல," என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியல," என்றார்.

"ஞாயித்துக்கிழமை ஏழு மணி," என்றார் அக்கா. "செருப்பு வேண்டாம், ஷூ போட்டுட்டு வாங்க."

இத்தனை வருஷத்தில் அவரைப் போல ஒரு மோசமான மாணவரை அக்கா பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பார். கிளட்சை எத்தனை அங்குலம் எடுக்கவேண்டும் என்று கேட்பார். வண்டி நின்றுபோனால் வண்டியிடம் மன்னிப்புக் கேட்பார். ஒரு மாதம் இரண்டு மாதமானது. அக்கா கணக்குப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு, மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தபடி அக்கா கேட்டார்: "லீவு போட்டுட்டுப் போற அளவுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

அவர் டீயை ஆற்றினார். "நீங்க கத்தின வரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல. எங்களுக்கு அது தினமும் கேக்கறதுதான். அந்தக் கடைசி நாள் நீங்க கத்தவே இல்ல. 'சரி சார்'னுட்டு போனீங்க. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல."

அக்கா பிளாஸ்கை மறுபடி திறந்தார். "டீ ஆறிடுச்சு," என்று மட்டும் சொல்லி, அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

முதல் டெஸ்டில் அவர் தேறவில்லை. சோதித்தவர் அவருடைய ஆபீஸ்காரரே. தயவு தாட்சண்யம் காட்டவில்லை என்று இவருக்கு அதில் பெருமை. இரண்டாவதில் தேறினார். அதற்குள் விழாவில் சேர்ந்த பணத்தில் வீடும் எடுத்தாகிவிட்டது. எட்டுக் கட்டில், பெரிய சமையலறை, ஜன்னல் கம்பிகளெல்லாம் வெல்டர் கைவேலை. சனிக்கிழமைகளில் மூணாம் நம்பர் அங்கே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தங்க வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறார் என்று நூலகர் குறைப்பட்டுக்கொண்டார்.

லைசென்ஸ் வந்த வாரமே சின்னதாக ஒரு பழைய கார் வாங்கினார். மனைவியை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகத் திட்டம். "நீங்களும் வாங்க, தைரியமா இருக்கும்," என்று அக்காவையும் வெல்டரையும் கூப்பிட்டார். அந்த அம்மா முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தார். அக்கா பின்னால்.

முதல் இரண்டு கிலோமீட்டர் அக்கா சீட்டின் நுனியில் இருந்தார். "கண்ணாடி பாருங்க... லாரி... லாரி..." என்று முணுமுணுத்தார். வெல்டர் அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஊரைத் தாண்டியதும் சாலை நேராக ஓடியது. வெயில் இதமாக இருந்தது. முன்னால் புருஷனும் மனைவியும் ஏதோ ஒரு திருப்பத்தைப் பற்றி மெதுவாக வாதாடிக்கொண்டு வந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து சத்தத்தைக் காணோமே என்று அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். வெல்டரின் தோளில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி, அக்கா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.