ராக்கம்மை ஆச்சியின் நூற்றிருபது டிகிரி

ராக்கம்மை ஆச்சியை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, வியட்நாமின் சைகோன் நகரில், பூ மி ஹங் பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில், கணவர் அண்ணாமலைக்குக் குழம்பு வைத்தே பதினான்கு வருஷத்தை ஓட்டியவரைப் பார்த்தால் வேறென்ன வரும்? நான் காரைக்கால்காரி, ஏவ்லின். பக்கத்திலேயே ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் ஆபீஸ் வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். "இவ்வளவு படிச்சிட்டு வீட்டுல குந்தியிருக்கீங்களே ஆச்சி, வெக்கமா இல்ல?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே காப்பியை நீட்டுவார்.

அண்ணாமலையின் கம்பெனி சைகோன் கிளையை மூடியதும் அந்தச் சிரிப்பு நின்றது. அவருடைய விசாவில்தான் ஆச்சியும் இந்த ஊரில் இருந்தார். மாதக் கடைசிக்குள் வேறு வேலை அமையாவிட்டால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அண்ணாமலை ஏறி இறங்கிய இடமெல்லாம் வயதைக் காட்டிக் கையை விரித்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலியானது.

"எனக்கு இந்த ஊரு வேணும் ஏவ்லின். அதவிட அந்த வேல வேணும்," என்றார் ஆச்சி. அவர் தனக்காக 'வேணும்' என்று கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். பாடம், ஆயத்தளத்தில் கோணங்கள். பழகிப் பார்க்க அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தோம். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. வலப்பக்கக் கோட்டில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிராக மேல்நோக்கிச் சுற்றினால் கூட்டல் கோணம். முள் போகிற பக்கம் சுற்றினால் கழித்தல். இதெல்லாம் ஆச்சிக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பேனாவை வைத்தாரோ இல்லையோ, கை முள்ளோடு போய்விடும். திருத்துவார். மறுபடியும் அதே கதை.

"ஆச்சி, கோணம் கீழ தொங்குது!"

"ஆத்தீ! தெரியிது ஏவ்லின், கைதான் கேக்க மாட்டேங்குது. கோயிலச் சுத்துறதும் வலமா, ஆலாத்தி சுத்துறதும் வலமா. பொறந்ததுலேருந்து எடமாச் சுத்தியே பழக்கமில்லியே."

"இது என்னா நீங்க சுத்துற கோயிலா? கிராஃப், ஆச்சி, கிராஃப்!" என்று கத்தினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் இங்கேயிருக்கிற கோயிலைச் சுற்றுகிற மனுஷிக்கு வேறு எப்படிச் சொல்லிப் புரியவைப்பதாம்?

வகுப்பு இங்கிலீஷில் நடந்தது. நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குத் துறைத் தலைவர் ரொபேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். குறிப்பெடுக்கிற சாக்கில் நானும் பக்கத்தில். ஆச்சி முதலில் எடுத்தது நூற்றிருபது டிகிரி. பதற்றத்தில் கை பழைய வழியிலேயே போய், கோடு இடப்பக்கம் கீழே விழுந்தது. "இதன் சைன் மதிப்பு கூட்டல்," என்று வாய் மட்டும் சரியாகச் சொன்னது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "மிஸ், கோடு கீழே இருக்கே. அப்போ கழித்தல்தானே வரும்?"

ரொபேர் பேனாவைத் திறந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று முணுமுணுத்தேன்.

ஆச்சி போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ சொன்னது சரி. நான் தப்பாக வரைந்துவிட்டேன்," என்றார். கோட்டை அழிக்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ரவுண்டானாவில் மோட்டார் பைக் எந்தப் பக்கம் சுற்றும்? கையால் காட்டுங்கள்," என்றார். எல்லாக் கைகளும் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றின. இங்கே சாலையில் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ரவுண்டானாவில் வண்டி அப்படித்தான் போகும்.

"எங்கள் ஊரில் இதற்கு எதிர்ப்பக்கம். நான் வரைந்தது எங்கள் ஊர் வழி, கழித்தல் நூற்றிருபது. இப்போது சைகோன் வழியில் போவோம்." இரண்டாவது கோடு இடப்பக்கம் மேலே ஏறியது. "பாருங்கள், இரண்டு கோடும் இடப்பக்கம் ஒரே தூரம் போயிருக்கின்றன. அதனால் கொசைன் மாறவில்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. அதனால் சைனுக்குக் குறி மாறிவிட்டது."

அடுத்து இருநூறு டிகிரி என்றதும் வகுப்பு முழுக்க எழுந்து கையைச் சுற்றியது. சண்டாளி, இதை என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அவருக்கே அந்த நிமிஷம்தான் தோன்றியதாம்.

வெளியே வந்ததும் ரொபேர், "முதல் கோடு தப்பு," என்றார். ஆச்சி தலையாட்டினார். "திங்கட்கிழமை சேர முடியுமா? வொர்க் பெர்மிட்டுக்கும் விசாவுக்கும் பள்ளியே எழுதிவிடும்," என்றார் அவர். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது; கத்தியும்விட்டேன்.

ஆச்சி அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னாச்சு? டிக்கெட்டு எடுத்துறவா?" என்றார் அண்ணாமலை.

"வேணாங்க. வேல கெடச்சிருச்சு."

"அப்ப நான்?" என்று மெதுவாகக் கேட்டார் அண்ணாமலை.

ஆச்சிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"இத்தன வருசம் உங்க விசாவுல நான் இருந்தேன்ல? இனி எம் விசாவுல நீங்க இருங்க."